தொப்புளில் எடுக்க வேண்டிய அளவு

1

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் பேனா பிடித்தது கையொப்பம் வைக்க மட்டும்தான். எங்கே சின்ன ரகரம், எங்கே பெரிய றகரம் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. கோடு போட்ட தாளில் எழுதினாலும் வரி ஒரு பக்கமாகச் சரிந்து போகிறது. எங்கள் ஊரான கண்டக்குழியின் கோயில் திருவிழா மலருக்காக இதைக் கேட்டவள் என் தங்கையின் மகள் ஜெனிற்றா. பிழைகளைத் திருத்தித்தான் அவள் உங்களிடம் தர வேண்டும். திருத்தியும் மிஞ்சுகிற பிழை என்னுடையது.

போன வருடமும் கேட்டாள். "மாமா, ஸ்னோ கொட்டுறதப் பத்தி எழுதுங்க. இஞ்ச எல்லாருக்கும் அது விருப்பம்" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டு எழுதவில்லை. பனியைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. விழும், உறையும், கால் வழுக்கும், அவ்வளவுதான். நான் எழுதப் போவது ஐந்து துணிகளைப் பற்றி.

என் மகன் ரொஷானுக்குக் கல்யாணம் நடந்து இன்றோடு ஒரு வருடம். படப் புத்தகம் மேசையில் இருக்கிறது. அதில் ஒரு படத்தை நான் இதுவரை இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறேன்.

எங்களைத் தெரியாத பிள்ளைகளும் இதை வாசிக்கக்கூடும், அதனால் சொல்கிறேன். நான் இருப்பது ஸ்கொட்லாந்தின் வடகிழக்கில், ஒரு சிறிய துறைமுக ஊர். மீன் தொழிற்சாலையில் வேலை. விடிய ஆறு மணிக்குப் போய் மத்தியானம் இரண்டு மணிவரை நின்றபடி மீனின் முள்ளைக் கழித்துச் சதையை மட்டும் எடுக்க வேண்டும். ஊரில் மீனைப் பிடித்தேன், இங்கே அறுக்கிறேன். மனைவி லூசியா வயதானவர்கள் விடுதியில் துப்புரவு வேலை செய்கிறாள். ரொஷான் நாலு வயதில் அவள் மடியில் இருந்தபடி இந்த நாட்டுக்கு வந்தான். இப்போது இருபத்தெட்டு. கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கிற மேடையில் இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், கரையில் இரண்டு கிழமை என்று அவனுடைய வேலை. நாங்கள் கதைக்கிற தமிழ் அவனுக்கு முழுவதும் விளங்கும். பதிலில் பாதிதான் தமிழாக வரும். மற்றப் பாதியை லூசியா எனக்குச் சொல்வாள்.

நான் கூச்சப்படுகிற ஆள். ஊரிலும் அப்படித்தான். கல்யாண வீட்டுக்குப் போனால் பின்பக்கமாகப் போய்ச் சமையல் கிடாரத்தடியில் நிற்பேன். இங்கே மொழியும் இல்லாததால் அது இன்னும் கூடிவிட்டது. ஆட்கள் என்னைப் பார்த்தால் என் கைக்கு ஒரு வேலை வேண்டும். கோப்பை கழுவுவேன், கதிரை தூக்குவேன். வேலை இருந்தால் யாரும் என்னோடு கதைக்க மாட்டார்கள். இந்தக் குணத்தால் எனக்கு நட்டம் வந்ததில்லை என்றுதான் ஐம்பத்திநாலு வயதுவரை நினைத்திருந்தேன்.

2

ரொஷான் கட்டிய பிள்ளையின் பெயர் கேற்றி. இந்த ஊர்ப் பிள்ளை. தகப்பனும் ஒரு காலத்தில் கடல் தொழில் செய்தவர். நல்ல சனம்.

இங்கே மாப்பிள்ளை கில்ட் கட்டுவான். கட்டம் போட்ட துணி, முழங்கால் வரை வரும். பின்னால் நெருக்கமாக மடிப்பு, முன்னால் மடிப்பில்லாமல் இரண்டு மடல், ஒன்றின்மேல் ஒன்று. இடுப்பில் தோல் வாரும் பக்கிளும் வைத்துப் பூட்டுவார்கள். முன்னால் ஒரு தோல் பை தொங்கும். நாங்கள் இடுப்பில் சுற்றும் சாரத்தின் மடியில் பீடி செருகுகிறோமே, அதற்குப் பதில் அந்தப் பை. மாப்பிள்ளைத் தோழர்களும் அதே துணியில் கட்டுவார்கள். மாப்பிள்ளையின் தகப்பனும் விரும்பினால் கட்டலாம்.

ஊரில் இருக்கிற என் அண்ணனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு பக்கத்து மீன் வாடிக்கும் கேட்டிருக்கும்.

"டேய் தம்பி, சாரத்தக் கழட்டி எறிஞ்சுட்டு வெளிநாட்டுக்குப் போனீங்க. இருபத்திநாலு வருஷம் கழிச்சு அரைச் சாரத்துக்கு வந்து சேந்தீங்களா?"

"மடிப்பு இருக்கண்ணன். சாரம் மாதிரி இல்ல."

"மடிப்பு இருந்தாப் பாவாடைடா. நான் வந்து என்ட கண்ணால பாக்கணும் அத."

அவர் வர முடியவில்லை. வங்கிக் காகிதம் கேட்டார்கள், கொடுத்தார். தோணியின் பதிவுப் புத்தகம், தங்குமிடம் நடத்துகிற மகனின் கடிதம் எல்லாம் கொடுத்தார். கடைசியில் என் பெயர் என் கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும், அவருடைய பிறப்புச் சான்றிதழோடு சேர்த்த குடும்பக் காகிதத்தில் வேறு மாதிரியும், நான் எழுதிய அழைப்புக் கடிதத்தில் மூன்றாவது மாதிரியும் இருந்ததாம். நாங்கள் சகோதரர்கள் என்பது உறுதியாகவில்லை என்று விசா மறுத்துவிட்டார்கள். அழைப்புக் கடிதத்தை ரொஷானிடம் கொடுத்து எழுதுவித்திருக்கலாம். அவனிடம் கேட்க வெட்கப்பட்டு, தொழிற்சாலையில் என்னோடு நிற்கிற ஒரு பையனைக் கொண்டு எழுதுவித்தேன்.

நம்மிடையே மாப்பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிப் போவது பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று ஒரு கூட்டம். ரொஷானுக்கு அப்படி யாருமில்லை. அண்ணனின் விசா மறுத்த அன்று அவன் என் முன்னால் வந்து இருந்தான்.

"அப்பா, பெரியப்பா வர ஏலாது. என்ட பக்கம் நீங்க நிக்கணும். டங்கன், ஜேம்ஸ், ஈவன், நீங்க. அஞ்சு கில்ட். ஒரே மாதிரி."

"நானா? இந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"ஏன், கால் நல்லாத்தானே இருக்கு?"

"பாப்பாங்க."

"கல்யாணம் எண்டாப் பாப்பாங்கதான் அப்பா."

நான் ஓம் என்று சொன்னேன். அந்த ஓம் என் வாயிலிருந்து வந்தது. உள்ளே இருந்து வரவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

வாடகைக்கு ஐந்து பேருக்கும் எடுத்தால் கட்டுப்படியாகாது. ஒரு நாள் உடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைவிட மலிவானதை வாங்கினால் ஆளுக்கு ஒன்று மிஞ்சும் என்று ரொஷான் நினைத்தான். பெரிய நகரத்தில் அப்படி ஒரு கடை இருந்தது. என்னைக் கூட்டிப் போனான். "நீங்க துணி பாருங்கப்பா. எனக்குத் தெரியாது" என்றான்.

எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை என் மகன் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கடைக்காரர் வெள்ளை மீசை வைத்த மெலிந்த மனிதர். மூன்று தரத்தை மேசையில் போட்டார். முதலாவது சுத்தக் கம்பளி. தூக்கினால் நனைந்த வலையின் பாரம். விலையைக் கேட்டதும் திருப்பி வைத்தேன். இரண்டாவது ஆக மலிவு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. காற்றடித்தால் மானம் போய்விடும். மூன்றாவது கலப்பு நூல். அதைக் குறுக்கே இழுத்துப் பார்த்தேன், கைக்குள் வைத்துக் கசக்கி விட்டுப் பார்த்தேன், மடிப்புகளை விரித்துத் தையலின் உள்பக்கத்தைப் பார்த்தேன். மலிவுத் துணியில் மடிப்புக்கு மடிப்பு கோடு விலகிப் போகும். இதில் ஒரு வெள்ளைக் கோடு இடது பக்கம் தொடங்கி வலது பக்கம் வரை உடையாமல் ஓடியது. கருநீலம், கரும்பச்சை, நடுவில் அந்த வெள்ளை.

"இது" என்றேன்.

கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னார். ரொஷான் சிரித்தான். "நீங்க தையல்காரரா எண்டு கேக்குறார்."

"வலையில ஓட்டை பொத்துறவன் எண்டு சொல்லு."

சொன்னான். அவர் மேசைக்கு மேலாகக் கை நீட்டி என் கையைக் குலுக்கினார். பிறகு வேறொன்று கேட்டார். இங்கே ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. நீங்கள் எந்த வம்சம் என்பது கேள்வி. எனக்குக் காது சூடாகிவிட்டது. ரொஷான் கொஞ்சமும் யோசிக்காமல் "கண்டக்குழி" என்றான். கடைக்காரர் மிகவும் மரியாதையாகத் தலையை ஆட்டினார். கேலி செய்கிறான் என்று நான் நினைத்தேன். எங்களுக்கு வம்சத் துணி இல்லை என்பதை அப்படிச் சொல்கிறான் என்று நினைத்தேன். அந்தத் துணியை எந்த வம்சத்தாரும் கட்டலாம் என்று பிறகு அவர் சொன்னார்.

நீளம் ஒரே அளவாக வரும், இடுப்பளவு மட்டும் சரியாகத் தந்தால் போதும், மலிவுக்கு அதுதான் காரணம் என்றார். அளவு எழுத ஒரு தாள் தந்தார். அதில் ஒரு மனிதனின் படம், வயிற்றுக்குக் குறுக்கே அம்புக்குறியோடு ஒரு கோடு. ஏதாவது பிசகினால் கொண்டு வாருங்கள், இதே துணி என்னிடம் இருக்கிறது என்று சொன்னதையும் ரொஷான் எனக்குத் தமிழில் சொன்னான். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருப்பதுதான் தொல்லை.

3

ரொஷான் மறுநாள் கடலுக்குப் போக வேண்டியிருந்தது. "அளவை நான் எடுக்குறன்" என்றேன். நானாக முன்வந்து சொன்னேன்.

டங்கன் ரொஷானின் சின்ன வயதுக் கூட்டாளி. நல்ல பெரிய வயிறு. அவனும் ஜேம்ஸும் ஈவனும் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து குசினியில் அடுப்புக்கு முன்னால் வரிசையாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். லூசியா சிரித்துச் சிரித்துப் பாண் வெட்ட மறந்துவிட்டாள். என்னிடம் அளவு நாடா இருந்தது. ஆனால் என் கைக்கு நூல்தான் பழக்கம். நைலோன் நூலைச் சுற்றிப் பிடித்து முடிச்சுப் போட்டேன், ஆளுக்கு ஒரு நூல். ரொஷானுடையதை அவன் போகுமுன்னே எடுத்துவிட்டேன். என்னுடையதையும் நானே எடுத்தேன். பிறகு நூல்களை நாடாவில் வைத்துப் பார்த்துத் தாளில் இலக்கம் எழுதினேன்.

சாரம் கட்டிய ஆட்களுக்கு இது விளங்கும். வலை இழுக்கிறவன் சாரத்தை வயிற்றில் கட்ட மாட்டான். குனிந்து நிமிர்ந்தால் அவிழும். வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பில்தான் கட்டுவான். இடுப்பு என்றால் எனக்கு அந்த இடம்தான். தாளில் இருந்த படத்தில் கோடு தொப்புளுக்கு மேலால் போகிறது. நான் அதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் என் கை கீழேதான் போனது. ஐந்து பேருக்கும் இடுப்பெலும்பில் அளந்தேன்.

அளந்துகொண்டு நிற்கும்போது வேறொரு நாள் ஞாபகம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரொஷானுக்கு எட்டு வயது இருக்கும். தை மாதத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு நடனம். எல்லாப் பையன்களும் கில்ட் கட்டி வர வேண்டும் என்று கடிதம் வந்தது. அப்போது நாங்கள் அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த காலம். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஊரிலிருந்து கொண்டு வந்த நீலக் கட்டச் சாரம் ஒன்று இருந்தது. அதை வெட்டினேன். பின்னால் மடிப்பு வைத்து, ஊசியால் குத்திக் குத்தி இரண்டு நாள் தைத்தேன். பக்கிளுக்குப் பதில் லூசியாவின் பழைய கோட்டில் இருந்த பெரிய பொத்தான். போட்டுப் பார்த்துவிட்டு அவன் குசினியைச் சுற்றி ஓடினான்.

நடனத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது விளையாட்டுக் காற்சட்டையில் வந்தான்.

"எங்க தம்பி கில்ட்?"

"பைக்குள்ள."

"ஏன் கழட்டினீங்க?"

"சூடா இருந்துச்சு."

தை மாதம். வெளியே குழாயில் தண்ணீர் உறைந்து கிடந்தது. நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பையை அவன் லூசியாவிடமும் தரவில்லை. பிள்ளைகள் சிரித்திருப்பார்கள், தகப்பனின் சாரத்தை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறான் என்று நானே முடிவெடுத்தேன். அதற்குப் பிறகு நான் வீட்டுக்கு வெளியே சாரத்தோடு போனதில்லை. குப்பைப் பெட்டி வரைக்கும்கூட. அவனைக் கூட்டி வரப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் வாசலுக்கு வெளியே, தெருவின் மறுபக்கத்தில் நிற்பேன். அவன் இங்கிலீசில் பதில் சொல்லத் தொடங்கியதும் அந்த வருடம்தான். எல்லாப் பிள்ளைகளும் எப்படியும் அந்த வயதில் தொடங்குவார்கள் என்று லூசியா சொல்வாள். இருக்கலாம்.

4

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது கில்ட் வந்தது. ரொஷான் கடலில் இருந்தான். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்புதான் அவனுக்குக் கரை. டங்கனும் மற்ற இருவரும் வந்து எங்கள் வீட்டிலேயே கட்டிப் பார்த்தார்கள்.

ஜேம்ஸ் பூட்டிவிட்டுக் கையை எடுத்தான். கில்ட் நேரே பாதத்தில் விழுந்தது. ஈவனுக்கும் அப்படியே. இடுப்பெலும்பில் கட்டினால் நின்றது, ஆனால் முழங்காலுக்குக் கீழே பாதிக் கால் வரை தொங்கியது. கன்னியாஸ்திரி மாதிரி இருக்கிறாய் என்று டங்கன் ஜேம்ஸைப் பார்த்துச் சொன்னதாக லூசியா சொன்னாள். பிறகு டங்கன் தன்னுடையதைக் கட்டினான். தொப்புளுக்குக் கொண்டு வந்தால் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மூச்சை உள்ளே இழுத்தான். முகம் இறால் மாதிரிச் சிவந்தது. பக்கிள் எட்டவில்லை.

லூசியாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

"எங்க வெச்சு அளந்தீங்க?"

நான் காட்டினேன்.

"ஐயோ, அது சாரம் கட்டுற இடமெல்லே!"

"எனக்கு இடுப்பு அதானே."

"படம் போட்டுத் தந்தாங்களே மனுசன்!"

அந்தப் பிள்ளைகள் கோபிக்கவில்லை. டங்கன் என் முதுகில் தட்டினான். அதனால் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

பெரிதாக இருந்தவற்றைத் திருத்துவது எனக்கு வேலையே இல்லை. தோல் வாரையும் பக்கிளையும் கழற்றி உள்ளே தள்ளித் தைத்தால் சரி. ஜேம்ஸுடையது, ஈவனுடையது, ரொஷானுடையது மூன்றையும் இரண்டு பின்னேரத்தில் முடித்தேன். என்னுடையதுக்குத்தான் ஆகக் குறைந்த வேலை. இரண்டு அங்குலம் தள்ளினால் போதும்.

டங்கனுடையதுக்குத் துணி வேண்டும். உள் மடலை நீட்டினால் வெளியே தெரியாது.

"கடைக்குப் போவம். துணி இருக்கு எண்டு சொன்னவர்தானே" என்றாள் லூசியா. "பத்து நாள் இருக்கு. நான் லீவு போடுறன். கதைக்கிறதையும் நானே கதைக்கிறன். நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க."

"பாப்பம்" என்றேன்.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போன பிறகு என் கில்டை மேசையில் விரித்தேன். கத்தரியை எடுத்து உள் மடலை மேலிருந்து கீழ்வரை வெட்டினேன். அந்தத் துண்டை டங்கனுடையதில் கோடு பார்த்துப் பொருத்தித் தைத்தேன். அந்த வெள்ளைக் கோடு ஒட்டிய இடத்தில்கூட உடையவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஆகத் திறமான தையல் அதுதான்.

பின்னேரம் வந்த லூசியா மேசையைப் பார்த்தாள். மீதியாகக் கிடந்த என் கில்டைத் தூக்கிப் பார்த்தாள். உள் மடல் இல்லாமல் அதை யாரும் கட்ட முடியாது.

"ஏன் இப்பிடிச் செஞ்சீங்க?"

"டங்கனுக்கு வேணுமே. அவன்தானே முதல் தோழன்."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அதை மடித்து அலுமாரியில் வைத்தாள்.

இதைத்தான் எழுத வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்தேன். அந்தக் கத்தரியைப் பிடித்தபோது என் மனதில் டங்கன் இல்லை. கட்டாமல் தப்ப ஒரு வழி கிடைத்தது, அந்த வழி பார்க்கிறவர்களுக்குத் தியாகம் மாதிரித் தெரியும், அதனால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்றுதான் நினைத்தேன். நிம்மதியாக இருந்தது.

5

ரொஷான் கரைக்கு வந்ததும் கில்டைக் கட்டிப் பார்த்தான். சரியாக இருந்தது. வடிவாக இருந்தான். "உங்கட எங்க?" என்றான். நான் சொன்னேன். லூசியா குசினிக்குள் போய்விட்டாள்.

கடைக்குப் போயிருக்கலாமே என்று அவன் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பக்கிளைப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தான்.

"அப்ப சாரம் கட்டுங்க."

"என்ன?"

"நீலச் சாரம் ஒண்டு வெச்சிருக்கீங்கதானே, வீட்டுல கட்டுறது. கோட்டும் டையும் போட்டுச் சாரம் கட்டுங்க. என்ட பக்கத்துல நில்லுங்க."

"கோயிலுக்குள்ளயா? வெள்ளைக்காரச் சனம் எல்லாம் நிக்கும். விசர்க் கதை கதைக்காத."

"அவங்களே பாதி ஆக்கள் காலக் காட்டிக்கிட்டுத்தானே நிப்பாங்க அப்பா."

"உனக்குத்தான் வெக்கம்."

அவன் தலையைத் தூக்கினான். "எனக்கா?"

நான் ஜேம்ஸின் கில்டை எடுத்து, ஏற்கெனவே சரியாக இருந்த தையலைப் பார்க்கத் தொடங்கினேன். என் கைக்கு வேலை கிடைத்துவிட்டது. அவன் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு மேலே போனான்.

கல்யாணத்தன்று தூறல். கறுப்புக் காற்சட்டையும் கோட்டும் போட்டுக் குடும்பப் படத்தில் ஓரமாக நின்றேன். பிறகு படம் பிடிக்கிறவன் மாப்பிள்ளையையும் தோழர்களையும் கோயில் படியில் வரச் சொன்னான். அந்த நேரம் பார்த்து நான் எல்லாருடைய மழைக் கோட்டுகளையும் குடைகளையும் வாங்கி வைத்துக்கொண்டேன். யாரும் தரவில்லை, நானே வாங்கினேன். இரண்டு கையும் நிறைந்ததும் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

லூசியா வந்தாள். "உங்களத் தேடுறான்."

"கோட்டெல்லாம் கையில இருக்கு."

"என்னட்டத் தாங்க."

"கில்டுக்காரங்கட படம் அது. நான் காற்சட்டையோட நிண்டா நல்லாருக்காது."

"அவன் உங்களத்தான் கேட்டான். காற்சட்டையையா கேட்டான்?"

நான் போகவில்லை. கதவிடுக்கால் பார்த்தேன். இடது பக்கம் டங்கன். வலது பக்கம் ஜேம்ஸும் ஈவனும். ரொஷானுக்கும் ஜேம்ஸுக்கும் நடுவே இடம் இருந்தது. படம் பிடிக்கிறவன் கையை ஆட்டி, நெருங்கி நில்லுங்கள் என்றான். ஜேம்ஸ் அசையப் போனான், ரொஷான் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான். படம் பிடிக்கிறவன் இன்னொரு தரம் சொன்னான். மூன்றாம் தரமும் சொன்னான். அவ்வளவு இங்கிலீசு எனக்கு விளங்கும். ரொஷான் கோயில் கதவைப் பார்த்தபடி நின்றான். பிறகு மழை பெலத்தது. அவன் தலையை ஆட்டினான், படத்தை எடுத்தார்கள்.

6

விருந்தில் முதல் தோழன் எழுந்து கதைப்பது இங்கே வழக்கம். டங்கன் எழுந்தான். அவன் கதைத்தது எனக்குப் பாதிக்கு மேல் விளங்கவில்லை. லூசியா காதுக்குள் சொன்னாள். சொல்லிக்கொண்டு வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"என்ன சொல்றான்?"

"பொறுங்க."

பிறகு சொன்னாள். டங்கனுக்கும் ரொஷானுக்கும் கூட்டு எப்படி வந்தது என்ற கதை. எட்டு வயதில் பள்ளிக்கூட நடனத்துக்கு ரொஷான் ஒரு நீலக் கில்ட் கட்டி வந்தானாம். அப்படிக் கட்டம் அந்த ஊரில் யாரும் கண்டதில்லை. இது எந்த வம்சம் என்று டங்கன் கேட்டானாம். கண்டக்குழி என்று இவன் சொன்னானாம். அப்படி ஒரு வம்சம் இல்லை என்று டங்கன் சொல்ல, இருக்கிறது, என் அப்பாதான் அதன் தலைவர் என்று இவன் சொல்ல, சண்டை வந்து டங்கன் பிடித்து இழுத்ததில் பொத்தான் தெறித்துத் துணி கிழிந்து போயிற்றாம். ரொஷான் மூலையில் இருந்து அழுதானாம். கிழிந்ததற்காக அல்லவாம். அப்பா இரண்டு நாள் இருந்து தைத்தது, கிழிந்ததைக் கண்டால் அவருக்குக் கவலை வரும், அதனால் வீட்டில் காட்ட மாட்டேன் என்றானாம். அந்தப் பையை மறுநாள் டங்கனின் தாய் வாங்கிக் கொண்டுபோய் அவர்களுடைய வீட்டில் வைத்தாளாம்.

மண்டபத்தில் எல்லாரும் சிரித்தார்கள், சிலர் கைதட்டினார்கள். கண்டக்குழி வம்சத் தலைவர் எங்கே என்று டங்கன் கையை நெற்றியில் வைத்துத் தேடினான். நான் அப்போது கதவுக்குப் பக்கத்து மேசையில் இருந்தேன். எழுந்து நிற்கச் சொல்லி லூசியா முழங்கையால் இடித்தாள். நான் முன்னால் இருந்த கோப்பைகளை அடுக்கத் தொடங்கினேன். ரொஷான் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். குறை சொல்கிற சிரிப்பு இல்லை. குறை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருபது வருடம். அவன் என்னை நினைத்து மறைத்ததை, அவன் என்னை மறைக்கிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

மாசியில் ரொஷானுக்கு நோர்வேயில் வேலை கிடைத்தது. கேற்றியும் அவனும் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். சாப்பிட்டீங்களா, குளிரா, கால்வலி எப்படி என்று தமிழில் கேட்பான். அந்த மூன்றும் முடிந்தால் பிறகு தாயிடம் கொடுக்கச் சொல்வான். படத்தைப் பற்றி நானும் கதைத்ததில்லை, அவனும் கதைத்ததில்லை.

வைகாசியில் டங்கன் ஒரு காகிதப் பையோடு வந்தான். தன் கில்டை அந்தக் கடைக்குக் கொண்டுபோய்ப் புதுத் துணி வைத்துத் தைப்பித்திருக்கிறான். நாலு நாளில் கொடுத்துவிட்டார்களாம். பைக்குள் என் உள் மடல் இருந்தது. "யூவர்ஸ்" என்றான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

அதைத் திரும்பத் தைத்து, பக்கிளையும் இரண்டு அங்குலம் தள்ளி வைக்க எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. டங்கனுக்குத் தைத்த போது இருந்த கை இப்போது இல்லை. வெள்ளைக் கோடு ஒரு நூல் அளவு விலகித்தான் நிற்கிறது. இரண்டு தரம் பிரித்துத் தைத்தேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.

இன்றைக்கு வேலையால் வந்து குளித்துவிட்டு அதைக் கட்டிப் பார்த்தேன். லூசியா ஆறு மணிக்குத்தான் வருவாள். முதலில் கை பழக்கத்தில் கீழேதான் போனது. பிறகு தொப்புளுக்குக் கொண்டுவந்து பூட்டினேன். சரியாக இருந்தது. முழங்காலில் முட்டி நின்றது. அலுமாரிக் கண்ணாடியில் பார்த்தேன். காலில் ஒரு குறையும் இல்லை. வலைக் கயிறு அறுத்த பழைய தழும்பு ஒன்று, அவ்வளவுதான். அதை யார் பார்க்கப் போகிறார்கள்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். கண்ணாடியின் நடுவில் நிற்காமல், பக்கத்தில் ஒரு ஆள் நிற்கக்கூடிய இடம் விட்டு ஓரமாக நின்றிருக்கிறேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

கழற்றி மடித்து வைத்துவிட்டு, மேசையில் இருந்து இதை எழுதினேன்.

2024 செப்டம்பர் 16, திங்கட்கிழமை.